ஊர்ச்சொல்லில் புள்ளி விழுந்த வருடம்

எங்கள் கைகளில் புள்ளி விழ ஆரம்பித்தது ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. முதல் புள்ளி விழுந்தது என் கையில்தான் என்பதால் நேரத்தை என்னால் சரியாகச் சொல்ல முடிகிறது. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் என் கடையில் உட்கார்ந்து, ‘ஊத்துக்கண்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் எழுதிச் ‘சேமி’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால், இடது மணிக்கட்டில், கடிகாரப் பட்டைக்குக் கீழே, எள்ளளவில் கறுப்பாக ஒரு புள்ளி. அடுத்து ‘ஈரமண்’ எழுதினேன், பக்கத்திலேயே இரண்டாவது புள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது, என் வீட்டுக்காரம்மா தட்டை வைத்துவிட்டு, “ஏனுங்க, கிரீசுக் கையோட சோத்துல கை வெக்காதீங்க” என்றாள். சோப்பு போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், உமிக்கரி வைத்துத் தேய்த்தேன். கை சிவந்ததே தவிரப் புள்ளி போகவில்லை.

ஊர்ச்சொல் என்பது ஓர் இணையதளம். எந்த அகராதியிலும் ஏறாமல், அந்தந்த ஊரில் மட்டும் வாயில் புழங்கிக்கொண்டிருக்கிற சொற்களை, அந்தந்த ஊர்க்காரர்களே எழுதிச் சேர்க்கிற இடம். காயல்பட்டினத்தில் டியூஷன் எடுக்கும் கமருன்னிஷா சமையல் சொற்களையும் சடங்குச் சொற்களையும் எழுதுவார், நான் பூமிக்குள் தண்ணீர் தேடுகிறவர்களின் சொற்களை எழுதுவேன், இப்படி மலைக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர், பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவர், ரேஷன் கடை வரிசைக்கு ஒருவர் என்று முன்னூற்று நாற்பது பேர். பதினொரு வருடத்தில் எண்பதாயிரம் சொல் சேர்த்திருந்தோம். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது, ஆனால் சண்டை போடாத நாள் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது.

புள்ளி என்ற யோசனையைக் கொண்டுவந்தவர் அறவாழி. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், நாற்பது வயதுக்குள் இருப்பார், தளத்தைக் கட்டியதும் பழுது பார்ப்பதும் அவர்தான், தங்கமான மனிதர். ஆட்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது அவர் மனதை அரித்தது. “ஆறு வருசம் எழுதிட்டு ஒருத்தர் நின்னுட்டாருங்க. அவர் நின்னதே நமக்கு எட்டு மாசங் கழிச்சுத்தான் தெரியுது. ஒரு வாய் நன்றின்னு யாராச்சும் சொன்னோமுங்களா?” என்று கேட்டார். யாரும் சொன்னதில்லைதான். யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று அளந்தால்தானே இவர் பெரிசாகச் செய்கிறார் என்று பாராட்ட முடியும் என்றார், அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்று காலை தளத்தின் முகப்பில் ஒரு வரியைப் போட்டார்: ‘இன்று முதல் ஒவ்வொரு பங்களிப்புக்கும் ஒரு புள்ளி வழங்கப்படும்.’

முன்னூற்று நாற்பது பேரும் அந்த வரியைப் படித்தோம், கைதட்டினோம். ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையையும் ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதுவதையே வாழ்க்கையாக வைத்திருந்த கூட்டம், புள்ளி என்றால் மதிப்பெண்ணும் புள்ளிதான், பொட்டளவு கறையும் புள்ளிதான், மெய்யெழுத்தின் தலையில் வைப்பதும் புள்ளிதான் என்பதையும், ‘வழங்கப்படும்’ என்றால் எங்கிருந்து எடுத்து வழங்கப்படும் என்று சொல்லியாக வேண்டும் என்பதையும் கவனிக்காமல் விட்டது. வேறு எந்தக் கூட்டமும் இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம்.

எப்படியோ, புள்ளி விழுந்தது, விழுந்ததை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஒரு சொல்லுக்கு ஒரு புள்ளி, மணிக்கட்டில் தொடங்கி வரிசை தவறாமல் முழங்கையை நோக்கி ஏறியது. ஈரோட்டில் ஒருவர் தோல் டாக்டரிடம் காட்டினார். அவர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “மச்சமும் இல்ல, மருவும் இல்ல, அச்சடிச்ச மாதிரி இருக்கு, வலிக்கலேன்னா விட்டுடுங்க” என்று அனுப்பிவிட்டார். வலிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டோம். முதல் வாரம் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தோம், இரண்டாவது வாரம் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டோம், மூன்றாவது வாரம் எங்களில் ஒருவரிடமும் முழுக்கைச் சட்டை மிச்சமில்லை. தளத்தில் சுயவிவரப் படமாக முகத்தை வைத்திருந்தவர்கள் முகத்தை எடுத்துவிட்டுக் கையை வைத்தார்கள். நாமக்கல்லில் ஒரு பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் கையில் என்னம்மா என்று கேட்க, பெண்ணின் அப்பா கொஞ்சமும் அசராமல், “பொண்ணு தமிழுக்குப் பண்ணுனதுங்க, நூத்தித் தொண்ணூறு இருக்குது” என்று சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் அதை ஒரு படிப்பாகவே எடுத்துக்கொண்டு அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டு போனார்கள்.

முழங்கையைத் தாண்டியவர்களைப் பெரும்புள்ளி என்று கூப்பிட ஆரம்பித்தோம். முதலில் கேலிக்குத்தான். பிறகு கேலி உதிர்ந்து பெயர் நின்றுவிட்டது. பெரும்புள்ளிகள் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை என்பது எழுதப்படாத சட்டமாயிற்று. நானும் தாண்டினேன், ஆவணிக்குள்ளேயே தாண்டினேன். எப்படித் தாண்டினேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லை ஒரே மூச்சில் எழுதினால் ஒரு புள்ளி, அதையே முதலில் தலைப்பு மட்டும், பிறகு அர்த்தம், பிறகு உதாரணம், பிறகு ஊர்ப்பெயர் என்று நான்காக நறுக்கிச் சேமித்தால் நான்கு புள்ளி. நான் மட்டுமா நறுக்கினேன், எல்லோரும் நறுக்கினார்கள். ‘அங்கிட்டு’ என்று ஒருவர் எழுதினால், ‘அங்குட்டு’, ‘அங்கட்டு’, ‘அங்கிட்டால’ என்று இன்னொருவர் வரிசையாக எழுதினார். என் கை முழுக்கப் புள்ளிமான் மாதிரி ஆனதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. பதினொரு வருடம் கடையில் உட்கார்ந்து தட்டியதற்கு முதல்முறையாக ஊருக்குக் காட்ட ஒன்று கிடைத்திருந்தது. டீக்கடையில் வேண்டுமென்றே இடது கையால் கிளாஸ் வாங்கினேன்.

இந்த முன்னூற்று நாற்பது பேரில் ஒரே ஒரு ஆளுக்குப் புள்ளி விழவில்லை. அவர் பெயர் செண்பகவல்லி.

சங்கரன்கோவிலில், தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பவர். காலையிலிருந்து சாயங்காலம்வரை பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று அடுத்தவர்களுடைய மனுவை அடித்துக் கொடுப்பது வேலை. தாலுகா ஆபீசு சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்துகிற ஒரு மணி நேரத்தில், தூக்குச்சட்டியை இடது பக்கம் வைத்துக்கொண்டு, ஊர்ச்சொல்லைத் திறந்து, அன்றைக்கு நாங்கள் எழுதியிருப்பதையெல்லாம் ஒரு வரி விடாமல் படிப்பார். படித்து, புள்ளி வைப்பார். அவ்வளவுதான் அவர் செய்தது. நாங்கள் அவசரத்தில் ‘கல்’லைக் ‘கல’ என்று அடித்திருப்போம், அவர் ஒரு புள்ளி வைத்துக் கல்லாக்குவார். ‘தண்ணீர’ என்றிருந்தால் ‘தண்ணீர்’ ஆகும், வல்லினம் மிகும் இடத்தில் நாங்கள் விட்ட க், ச், த், ப் எல்லாம் மறுநாள் காலையில் தானாக முளைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் இரண்டே சொல் எழுதுவார்: ‘சிறு திருத்தம்.’ பதினொரு வருடத்தில் சொந்தமாக ஒரு சொல்கூட அவர் சேர்த்ததில்லை. தம்பி வீட்டில், தம்பி பிள்ளைகள் படிக்கும் அறையில் ஓர் ஓரமாகப் படுத்துக்கொள்கிறவர், ஒருமுறை கமருன்னிஷாவுக்கு எழுதியிருந்தார்: ‘எனக்குன்னு ஒரு கதவு சாத்துற இடம் இருக்குன்னா அது இந்தத் தளம்தான் கமரு.’

அவரைத் தளத்தை விட்டு வெளியே அனுப்ப வேண்டும் என்ற பேச்சு எப்படி வந்தது என்று யோசித்தால், கெட்ட எண்ணத்தில் வரவில்லை என்பதுதான் வெட்கமாக இருக்கிறது. ஆவணியில் ஒருநாள் வீடியோவில் கூடினோம், ஆளாளுக்குக் கையைக் காட்டினோம். செண்பகவல்லியும் காட்டினார். இரண்டு கையும் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தன. முதலில் பரிதாபப்பட்டோம். பிறகு அறவாழி கணக்கு எடுத்துப் பார்த்தார், எதை யார் மாற்றினார் என்று தளம் பதிந்துவைக்கும் வரலாற்றுப் பக்கத்தில் செண்பகவல்லி பெயரில் நாற்பத்தோராயிரம் திருத்தங்கள் இருந்தன. புள்ளி விழத் தொடங்கிய பிறகு மட்டுமே நான்காயிரம். இந்தப் பக்கம் நான்காயிரம், அந்தப் பக்கம் வெறும் கை. இரண்டில் எதை நம்புவது? நாங்கள் கையைத்தான் நம்பினோம். எழுத்து பொய் சொல்லும், தோல் பொய் சொல்லாது என்று ஒரு பெரும்புள்ளி சொன்னார், மற்றவர்கள் குறுக்கே பேசவில்லை. புள்ளி விழவில்லை என்றால் அவர் செய்வது பங்களிப்பே இல்லை, பங்களிப்பு இல்லாதவர் அடுத்தவர் எழுதியதில் கை வைப்பது என்ன முறை, ஆகவே புள்ளியில்லாதவருக்குத் திருத்தும் உரிமை இருக்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் உருவானது. புரட்டாசியில் மதுரையில் எல்லோரும் நேரில் கூடுவதாக இருந்தோம், அங்கே ஓட்டெடுப்பு என்று முடிவாயிற்று. தீர்மானத்தில் பெயர் எழுதவில்லை. ஆள் ஒன்றுதான் என்பதால் எழுதத் தேவையிருக்கவில்லை.

இதற்கிடையில் செண்பகவல்லி உரையாடல் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். முதலில், ‘புள்ளிகள் காணவில்லை, தயவுசெய்து கவனிக்கவும்’ என்று எழுதினார். பாவம், மனசு விட்டுப் போச்சு என்று நினைத்து, ‘பொறுங்கம்மா, உங்களுக்கும் விழும்’ என்று நானே பதில் போட்டேன். ஒரு வாரம் கழித்து, ‘நேற்று வைத்த புள்ளி இன்று இல்லை’ என்று எழுதினார். விழுந்து அழிந்துவிட்டது போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னார், அதற்கென்று தேங்காய் எண்ணெய் தடவும் முறையை இன்னொருவர் விளக்கினார். மூன்றாவது முறை, ‘என்னோட புள்ளி இல்ல, சொல்லோட புள்ளி’ என்று எழுதினார். அதைப் படித்த பதினேழு பேர், நல்ல கவிதை என்று நினைத்துக் கைதட்டல் போட்டார்கள். அவர் சொன்னதைப் போய்ப் பார்க்க ஒரு சொல்லைத் திறந்திருந்தால் போதும். ஆனால் அந்த மூன்று மாதத்தில் எழுதாதவர் எங்களில் ஒருவரும் இல்லை, படித்தவர் அவர் ஒருவர்தான்.

மதுரையில் ஒரு நூலகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடினோம். எழுபத்துமூன்று பேர் வந்திருந்தோம். பதினொரு வருடம் திட்டிக்கொண்டவர்கள் நேரில் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பெயரைச் சொல்வதற்கு முன்னால் கையைத் திருப்பிக் காட்டினார்கள். அறவாழி உறுப்பினர் பட்டியலிலிருந்து எல்லோருக்கும் பெயரட்டை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். செண்பகவல்லி பத்து மணிக்குத்தான் வந்தார், பஸ் தாமதம் என்றார். ஒல்லியான ஆள், ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார், கையில் ஒரு ரெக்ஸின் பை கனத்தது. அவருக்கான அட்டையில் ‘செணபகவலலி’ என்று இருந்தது. பிரிண்டர் மக்கர் பண்ணியிருக்கும் என்று நினைத்தேன். அவர் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து, ணவுக்கு ஒன்று லவுக்கு ஒன்று என்று இரண்டு புள்ளி வைத்துக் குத்திக்கொண்டார். யாரையும் குறை சொல்லவில்லை.

அறவாழி தீர்மானத்தைப் படித்தார். படிக்கும்போது குரல் இறங்கிற்று. “அக்கா, நீங்க ஏதாச்சும் சொல்றதுன்னா சொல்லிருங்க. அப்பறமா ஓட்டெடுப்பு வெச்சுக்கலாமுங்க” என்றார்.

“மூணு மாசமா நான் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன் தம்பி” என்றார் செண்பகவல்லி. “இப்ப நீங்க நடத்துங்க.”

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அறவாழி. முதலில் பெரும்புள்ளிகள் தூக்கினார்கள், அப்புறம் மற்றவர்கள், கமருன்னிஷா தலையைக் குனிந்துகொண்டு பாதியளவு தூக்கினார். நானும் தூக்கினேன். எந்தக் கை என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் இடது கையைத்தான் தூக்கினோம், அதில்தானே புள்ளி இருந்தது. மாடி முழுக்க எள் தூவிய கைகள் நின்றன, மேலே மின்விசிறி சுற்றியது, செண்பகவல்லி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டு எதிரே இருந்த கையைப் பார்த்தார், பக்கத்துக் கையைப் பார்த்தார், அவர் முகம் மாறியது.

“கைய இறக்காதிய” என்றார். “ஒரு நிமிசம் எல்லாரும் அப்படியே இருங்க.”

எழுந்து வந்தார். நாற்காலிகளுக்கு நடுவே, தூக்கிய கைகளுக்கு நடுவே, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கையாகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், கமருன்னிஷாவின் பக்கத்தில் நின்றார். புள்ளி எங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி எள்ளாகத்தான் தெரிந்தது. பதினொரு வருடம் ஒவ்வொன்றாக வைத்தவருக்கு அப்படித் தெரியவில்லை. விரலால் ஒன்றைத் தொட்டார்.

“கமரு, இது நான் வெச்சது. உங்க கஞ்சியில ஞ் மேல இருந்தது. போன தையில வெச்சேன்.”

“என்ன சொல்றிய அக்கா?” என்றார் கமருன்னிஷா.

செண்பகவல்லி ரெக்ஸின் பையைத் திறந்து, தன் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்த கத்தைத் தாள்களில் ஒன்றை உருவிக் கொடுத்தார். “இது முந்தாநாள் எடுத்தது. உங்க பக்கந்தான். என்ன இருக்கோ அதைச் சத்தமா வாசிங்க.”

கமருன்னிஷா வாசித்தார். “நோனபுக கஞசி. அரிசியும… வெநதயமும…” என்று நாக்கு தடுக்கித் தடுக்கி ஒரு வரி போனவர், நிறுத்தி, அந்தத் தாளையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். “அல்லாவே” என்றார். பின்பு கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தன் பக்கத்தைத் திறந்தார். ஞவைத் தேடிப் பிடித்து, ஒரு புள்ளி வைத்து, சேமித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாங்கள் நான்கைந்து பேர் பார்த்துக்கொண்டேயிருக்க, அவர் கையில் செண்பகவல்லி தொட்ட இடத்தில் புள்ளி இல்லை. வெறும் தோல் இருந்தது.

செண்பகவல்லியின் கையில் ஏன் புள்ளி இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது, அவர் எடுக்கவில்லை, வைத்துக்கொண்டே இருந்தார். கையை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. செண்பகவல்லி அடுத்தடுத்த கைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். “இது உப்புல உள்ளது. இது வேர்ல உள்ளது, ரெண்டாந்தடவ வெச்சேன், மறுபடியும் போயிட்டு. இது அம்மால உள்ளது, மூணு நாளா அமமான்னு கெடந்துச்சு, நான் எங்கன்னு தேடுவேன்.” கோபமாகச் சொல்லவில்லை. காணாமல்போன ஆடுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவர் சொல்வது மாதிரித்தான் சொன்னார். அறவாழியின் கையில், முழங்கைக்குச் சற்று மேலே இருந்த மூன்று புள்ளிகளைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றார்.

“தம்பி, இந்த மூணும் நம்ம பேரு. ஊர்ச்சொல்லுல ஒரு ர், ஒரு ச், ஒரு ல்.”

அறவாழி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதமாகத் தளத்தின் நெற்றியில் ‘ஊரசசொல’ என்று எழுதியிருந்ததை, அதைக் கட்டிய மனிதரே கவனிக்கவில்லை. “நல்லது பண்ணோணும்னுதானுங்கக்கா நெனச்சேன்” என்றார், கண் கலங்கிவிட்டது.

“நல்லதுதான் நெனச்சிய. யாரு இல்லன்னு சொன்னா?” என்றார் செண்பகவல்லி. “எனக்கு உரிமை இருக்கோ இல்லையோ, அது கெடக்கட்டும் தம்பி. கல்லக் கலன்னு படிக்கிற ஆளு, பல்லப் பலன்னு படிக்கிற ஆளு, அவன் நம்மள நம்பித்தானே வாரான். அவனுக்கு என்ன பதில் சொல்லுவிய?”

கடைசியாக என்னிடம் வந்தார். முழங்கையிலிருந்து கீழே இறங்கி, இது பாறையில் உள்ளது இல்லை அண்ணாச்சி, பாறைக்குப் புள்ளியே கிடையாது, இது கேசிங் பைப்பில் உள்ளது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே மணிக்கட்டுக்கு வந்தவர், அங்கே கடிகாரப் பட்டைக்குக் கீழே முதல்நாள் விழுந்த இரண்டையும் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கை கடுத்தது.

“இது எதுலம்மா உள்ளது?” என்று கேட்டேன்.

“அது இருக்கட்டும் அண்ணாச்சி. அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இப்ப இறக்கலாம், எல்லாரும்.”

கைகள் இறங்கின. தீர்மானம் என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை, கையோடு அதுவும் இறங்கிவிட்டது. அன்று மத்தியானம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு எழுபத்துமூன்று பேரும் போனும் கையுமாக உட்கார்ந்தோம். முகப்பில் இருந்த அந்த வரியை அறவாழி எடுத்துவிட்டார், புதிதாக விழுவது நின்றுவிட்டது. விழுந்தவை தானாகப் போகவில்லை. ஒவ்வொன்றையும் அது வந்த எழுத்தைத் தேடிப் பிடித்துத் திருப்பி வைத்தால்தான் போயிற்று.

திருப்பிக் கொடுக்க எல்லோருக்கும் உடனே மனசு வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். நாமக்கல் பெண், கல்யாணம் முடியட்டும் என்று தவணை கேட்டாள். இரண்டு பெரும்புள்ளிகள் மதுரையிலிருந்து நேராகப் போய்ப் புது முழுக்கைச் சட்டை வாங்கினார்கள், அவர்களுக்குத் தை மாதம் வரை ஆயிற்று. நானே முதல் பத்துப் புள்ளி போனபோது மிச்சத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். கடையில் மத்தியான நேரத்தில், ஆள் வராத ஒரு மணி நேரம், என் கையில் இருந்தது எதெது என்று தெரியாததால் வரிசையாக எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் மற்றவர்கள் எழுதியதை நான் முதல்முறையாகப் படித்தேன். காயல்பட்டினத்தில் ஒரு பலகாரத்துக்கு வாயில் எச்சில் ஊறும்படி அர்த்தம் எழுதியிருந்தார் கமருன்னிஷா, ஏழு வருடத்துக்கு முன்னால் எழுதியது, ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று அவருக்கு ஒரு வரி போட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் என் ‘ஊத்துக்கண்’ணைப் படித்துவிட்டு, பாறை இடுக்கில் தண்ணீர் கசியும் சத்தம் கேட்டதாக எழுதினார். அன்று முழுக்க எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. டீக்கடையில் வலது கையால்தான் கிளாஸ் வாங்கினேன்.

பங்குனிக்குள் என் கை சுத்தமாகிவிட்டது, மணிக்கட்டில் இருந்த அந்த இரண்டைத் தவிர. எண்பதாயிரம் பக்கத்தையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் படித்து முடித்துவிட்டோம், புள்ளி தொலைத்த எழுத்து எங்கேயும் மிச்சமில்லை என்று அறவாழி கம்ப்யூட்டரில் தேடிச் சொல்லியும்விட்டார். எல்லோர் கையும் வெறும் கையாக இருக்க, என் கையில் மட்டும் இரண்டு எள். என் வீட்டுக்காரம்மா, “இருந்துட்டுப் போகுதுங்க, திருஷ்டிப் பொட்டாட்ட இருக்குது” என்றாள். செண்பகவல்லியும் இருக்கட்டும் என்றுதானே சொன்னார். உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். முன்னூற்று நாற்பது பேரில் புள்ளி உள்ள ஒரே ஆள் நான்தான் என்று ஒரு நினைப்பு.

சித்திரையில் ஒருநாள், அடுத்த கூட்டத்துக்குப் பெயரட்டை அடிக்க, உறுப்பினர் பட்டியலை அறவாழி எனக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார். சொற்களின் பக்கங்களைத்தான் தேடியிருந்தோம், ஆட்களின் பெயர்களை யாரும் தேடவில்லை. அகர வரிசையில் கீழே இறங்கிக்கொண்டே போனவன் ‘செ’ என்ற எழுத்தில் வந்து நின்றேன். ‘செணபகவலலி’ என்று இருந்தது. பிரிண்டர் மக்கர் பண்ணவில்லை. ஆனி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தேகால் மணியிலிருந்து அந்தப் பெயர் அப்படியேதான் இருந்திருக்கிறது.

அவருக்கு மதுரையிலேயே தெரியும். என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அப்போதே தெரியும். ஊரில் உள்ள உப்புக்கும் கல்லுக்கும் அம்மாவுக்கும் கையைத் தொட்டுத் தொட்டுக் கேட்டு வாங்கியவர், தன் பெயருக்கு மட்டும் கேட்காமல் போயிருக்கிறார். நான் அன்றைக்குத் தூக்கிய கை, அவரை வெளியே அனுப்பத் தூக்கிய கை, அவர் பெயரையே மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எனக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை மேல் ஏற்றியிருந்தாலும் அவ்வளவு கூசியிருக்காது. கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தார், ஏதோ வால்வு கேட்டார், அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, ணவுக்கு ஒன்று வைத்தேன், லவுக்கு ஒன்று வைத்தேன், சேமித்தேன். கடிகாரத்தைத் தள்ளிப் பார்த்தால் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

அவ்வளவோடு விட மனசில்லை. உறுப்பினர் பக்கம் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு, செண்பகவல்லியின் பக்கம் பதினொரு வருடமாகக் காலியாகவே கிடந்தது. அதில் போய், யோசித்து யோசித்து, அடித்து அடித்து, ஒரு வரி எழுதினேன்: ‘பதினொரு வருடமாக எங்கள் பிழைகளை திருத்தி வரும் உங்களுக்கு எங்கள் எல்லோருடைய நன்றி.’ எழுதிச் சேமித்துவிட்டு, வால்வு கேட்டவருக்கு வால்வை எடுத்துக் கொடுத்து, பில் போட்டு அனுப்பினேன். மணி ஒன்றேகால் ஆகியிருந்தது, சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீசு கதவைச் சாத்தியிருப்பார்கள்.

திரும்ப வந்து பார்த்தபோது பதில் எதுவும் இல்லை. பக்கத்தின் வரலாற்றில் மட்டும், இரண்டு நிமிடத்துக்கு முன்னால், புள்ளிகள் இரண்டும் சரியாக இருந்த தன் பெயரில், அவர் ஒரு மாற்றம் செய்திருந்தார். என் வரியில் ‘பிழைகளை’க்கும் ‘திருத்தி’க்கும் நடுவே ஒரு த் சேர்ந்திருந்தது. கீழே குறிப்பு எழுதும் இடத்தில் எழுதியிருந்தார்: ‘சிறு திருத்தம்.’